மை வே: தத்சுவோவின் பகை எந்த இடத்தில் நட்பாகிறது?

பொருநைக்கரை மாணவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் முதுகலை படிக்கிறேன். காங் ஜே-கியூ இயக்கி 2011 டிசம்பரில் வெளிவந்த 'மை வே' என்ற கொரியப் போர்ப் படத்தைச் சென்ற வாரம் விடுதி அறையில் நண்பர்களோடு பார்த்தேன். படம் முடிந்தபின் தொடங்கிய வாதம் இரவு இரண்டு மணிவரை ஓயவில்லை. எனக்கு மட்டும் மனம் ஆறாததால் மறுநாள் தனியாக இன்னொரு முறையும் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில், 1928-இல், ஒரே வளாகத்தில் இரு சிறுவர்கள் வளர்கிறார்கள். ஒருவன் ஜப்பானியப் பெருங்குடும்பத்துப் பேரன் தத்சுவோ. மற்றவன் அந்த வீட்டு வேலைக்காரரின் மகன் ஜுன்-ஷிக். இருவரும் ஓட்டக்காரர்கள். தத்சுவோவின் தாத்தா குண்டுவெடிப்பில் இறந்தபின் போட்டி வெறுப்பாகிறது. மாரத்தான் தகுதிப் பந்தயத்தில் முதலில் வந்த ஜுன்-ஷிக்கைத் தகுதிநீக்கம் செய்துவிட்டுத் தத்சுவோவுக்கு வெற்றியைக் கொடுக்கிறார்கள், கலவரம் மூள்கிறது, கலவரம் செய்த கொரியர்களைப் பிடித்து ஜப்பானியப் படையில் தள்ளுகிறார்கள். அதன்பின் மங்கோலிய எல்லைப் போர், சோவியத் சிறைமுகாம், சோவியத் படை, ஜெர்மன் படை என்று ஒரு சீருடைமேல் இன்னொரு சீருடையாக மாறி, இருவரும் 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் வந்து சேர்கிறார்கள்.

என் ஐயம் இதுதான். சோவியத் முகாம்வரை ஜுன்-ஷிக்கைக் கொன்றுவிடத் துடிக்கும் தத்சுவோ, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவனுக்காக உயிரையே கொடுக்கக் கூடியவனாகிவிடுகிறான். என் நண்பர்கள் இதைத் திரைக்கதையின் அவசரம் என்கிறார்கள். எனக்கோ மாற்றம் நடந்திருப்பது தெரிகிறது, நடந்த இடம்தான் பிடிபடவில்லை. இது உண்மைக் கதைதானா என்பதும், போர்ப் படம் ஏன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தொடங்கி அங்கேயே முடிய வேண்டும் என்பதும் கூடவே எழும் கேள்விகள். விவரம் தெரிந்த அண்ணாச்சிமாரும் அக்காமாரும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இழையில் முடிவைப் பற்றிப் பேசுவதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி நகரம்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். லண்டனுக்கு ஏன் போக வேண்டும் என்பது விளங்கிவிட்டால் மற்றவற்றுக்கு அங்கிருந்தே வழி கிடைக்கும்.

1936 ஆகஸ்ட் 9 அன்று பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 29 நிமிடம் 19 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் சோன் கீ-சோங் என்ற கொரியர். வெண்கலம் வென்ற நாம் சுங்-யோங்கும் கொரியர்தான். ஆனால் இருவர் மார்பிலும் இருந்தது ஜப்பானியக் கொடி. சோனின் பெயரைக்கூட ஜப்பானிய உச்சரிப்பில் 'சோன் கிதெய்' என்றுதான் பதிந்தார்கள். பரிசு மேடையில் நிற்கும் படத்தைப் பாருங்கள்: தனக்குக் கொடுத்த ஓக் மரக்கன்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக் கொடியை மறைத்தபடி, தலை குனிந்து நிற்கிறார். சோன் வாங்கிய தங்கத்தைவிட, கொடியை மறைக்க அவருக்குக் கிடைத்த அந்தக் கன்றைக் கண்டுதான் தனக்குப் பொறாமையாக இருந்தது என்று நாம் பிற்காலத்தில் சொன்னதாகச் சொல்வார்கள். சோனின் மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டுப் படத்தை வெளியிட்ட 'தோங்-ஆ இல்போ' நாளிதழை ஜப்பானிய அரசு ஒன்பது மாதம் முடக்கிவைத்தது.

இனி லண்டனுக்கு வாருங்கள். 1948 ஒலிம்பிக்குக்கு ஜெர்மனியையும் ஜப்பானையும் அழைக்கவில்லை. கொரியா தன் சொந்தக் கொடியோடு கோடைக்கால ஒலிம்பிக்குக்கு முதன்முறையாகப் போனது அங்கேதான். தொடக்க விழாவில் அந்தக் கொடியை ஏந்தி நடந்தவர் அதே சோன் கீ-சோங். ஆக, தத்சுவோ என்ற ஜப்பானியன் அந்த ஆண்டு லண்டனில் ஓடியிருக்கவே முடியாது. கொரியனாக, ஜுன்-ஷிக் என்ற பெயரில், கொரியக் கொடியை மார்பில் தாங்கினால்தான் முடியும். நார்மண்டியில் நெஞ்சில் காயம்பட்டுச் சாகும் நிலையில் ஜுன்-ஷிக் தன் அடையாளத் தகட்டைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டி, இனி நீதான் ஜுன்-ஷிக் என்கிறான். ஜப்பானியன் என்று தெரிந்தால் அமெரிக்கர்கள் கொன்றுவிடுவார்கள் என்பது அவன் சொல்லும் காரணம். ஆனால் இயக்குநர் அதற்குள் பெர்லினைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அன்று கொரியன் ஜப்பானியப் பெயரில் ஓடினான். இன்று ஜப்பானியன் கொரியப் பெயரில் ஓடுகிறான். அன்று பெயரைப் பிடுங்கினார்கள், இன்று ஒருவன் தானாகக் கொடுக்கிறான். கொரியப் பார்வையாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1940-இல் கொரியர்கள் எல்லோரும் ஜப்பானிய முறையில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டுமென்று ஆட்சியாளர்கள் நெருக்கியதும், பெரும்பாலான குடும்பங்கள் மாற்றிக்கொண்டதும் அவர்கள் வீட்டுக் கதை.

உண்மைக் கதையா என்பதற்கு வருகிறேன். நார்மண்டியில் பிடிபட்ட, ஜெர்மன் சீருடை அணிந்த ஆசிய முகமுடைய இளைஞன் ஒருவனின் புகைப்படம் அமெரிக்க ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அவன் பெயர் யாங் கியோங்-ஜோங் என்றும், ஜப்பானிய, சோவியத், ஜெர்மன் படைகள் மூன்றிலும் போரிட்டவன் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. இந்தத் திரைப்படம் பிறந்தது அந்தக் கதையிலிருந்துதான். ஆனால் அந்தப் பெயரையும் வாழ்க்கையையும் உறுதிசெய்யும் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. புகைப்படத்தோடு இருந்த அமெரிக்கக் குறிப்பு அவனை ஜப்பானியன் என்றே குறிக்கிறது.

அதற்காக முழுக் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. தாங்கள் பிடித்த நாடுகளிலிருந்தும் சோவியத் கைதிகளிலிருந்தும் ஆள் சேர்த்து ஜெர்மானியர் படைப்பிரிவுகள் அமைத்து, அவற்றுள் பலவற்றை நார்மண்டிக் கரையில் நிறுத்தியிருந்தது வரலாறு. நம்மவர்களும் அந்தச் சீருடைக்குத் தப்பவில்லை. வட ஆப்பிரிக்கப் போர்களில் பிடிபட்ட பிரித்தானிய இந்தியப் படையினரிலிருந்து உருவான சுதந்திர இந்தியப் படையணியில் ஏறத்தாழ 3000 பேர் இருந்தார்கள். 1944-இல் அவர்கள் காவல் காத்தது பிரான்ஸின் தென்மேற்கில், போர்டோவுக்கு அருகிலுள்ள கடற்கரையை. நேதாஜியின் பெயரைச் சொல்லிச் சேர்ந்தவர்கள் ஜெர்மன் சீருடையில் அட்லாண்டிக் கடலைப் பார்த்து நின்றார்கள் என்பதை வகுப்பில் சொன்னபோது, எந்த ஆண்டிலும் ஒரு மாணவனாவது நம்ப மறுத்திருக்கிறான்.

தேரிக்காட்டு உடற்கல்வி ஆசிரியர்

அண்ணாச்சி சொன்ன வரலாற்றின்மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் தம்பி கேட்ட முதல் கேள்வி ஓட்டக்காரனின் கேள்வி. சாத்தான்குளம் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கபடியில் எதிராளியின் கண்ணைப் பார்த்து ஆடுகிறோம். நெடுந்தூர ஓட்டத்தில் அப்படியில்லை. எதிராளியின் மூச்சைத்தான் கேட்கிறோம். அவன் கால் மண்ணில் எப்படி விழுகிறது, எந்தத் தோள் முதலில் தளர்கிறது, எத்தனையாவது சுற்றில் வாயால் மூச்சு வாங்கத் தொடங்குகிறான் என்பதெல்லாம் அவனைப் பெற்ற தாய்க்குத் தெரியாது, அவனோடு போட்டியிடுகிறவனுக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து ஒருவனை இப்படிக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் அவனை வெறுக்கலாம், அந்நியனாக மட்டும் நினைக்கவே முடியாது. ஆகவே அந்த நட்பு படத்தின் பிற்பாதியில் புதிதாகப் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிறுவயதிலேயே விழுந்த விதைதான்; மேலே பாறை கிடந்தது.

நார்மண்டியில், மூன்றாண்டுப் பிரிவுக்குப் பின் தத்சுவோ அவனை மறுபடியும் காணும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜெர்மன் சீருடைக் கூட்டத்துக்கு நடுவே, கடற்கரை மணலில் தனியாக ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான். எந்த ஓட்டக்காரனுக்கும் அந்தத் தொலைவில் முகம் தெரியுமுன் ஓட்டம் தெரிந்துவிடும். என் மாணவன் ஒருவனை வ.உ.சி. மைதானத்துக் கூட்டத்தில், அவன் முதுகு மட்டும் தெரிந்த நிலையில், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டத்தை வைத்தே பெயர் சொல்லி அழைத்திருக்கிறேன். தத்சுவோ கூப்பிடுகிறான், மற்றவன் காது கேளாதவனாகிவிட்டதால் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் எவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓடினானோ, அவனுக்குத் தன் குரல் கேட்கவில்லை என்பது எனக்குப் போர்க்காட்சிகளைவிடக் கடுமையாக இருந்தது.

தகுதிநீக்கக் காட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் குறுவட்டப் போட்டி ஒன்றில் என் மாணவர் இருவர் 1500 மீட்டர் ஓடினார்கள். கடைசி இருபது மீட்டரில் முந்தியவன் சுண்ணாம்புக் கோட்டை முதலில் தாண்டியதை நான் மூன்று முழத் தொலைவில் நின்று கண்ணால் கண்டேன். அறிவிப்பில் பெயர்கள் மாறி வந்தன. முறையிட்டேன்; எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் வேறுவேறு தெரு, கையில் வேறுவேறு நிறச் சாதிக் கயிறு. நம் பக்கத்துப் பள்ளிகளில் அந்தக் கயிறு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நாடே பார்த்தது. அன்று மாலை பேருந்தில் இரண்டு தெருப் பிள்ளைகளும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து உட்கார்ந்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

சான்றிதழில் முதலிடம் வாங்கியவன் ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. எட்டாம் நாள் விடியற்காலையில் வந்து, மற்றவனிடம் நேராகப் போய், தேரியில் ஒரு தடவை ஓடுவோமா என்று கேட்டான். செம்மணலில், வெறுங்காலோடு, நாங்கள் மூன்று பேர் மட்டும். அதில் யார் முந்தினார்கள் என்பதை எழுதப்போவதில்லை; அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டபடி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஓடி முடித்தபின் நனைந்த கயிற்றை இருவருமே கழற்றிப் பிழிந்தார்கள். ஒருவன் மறுபடி கட்டிக்கொண்டான், ஒருவன் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப்பின் உயிர் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஆனால் பள்ளி முடியும்வரை தினமும் ஐந்தரை மணிக்குச் சேர்ந்து ஓடினார்கள். அந்தப் படத்தை நான் நம்புவதற்கு அந்த ஒரு காலைப்பொழுது போதும்.

பொருநைக்கரை மாணவன்

அண்ணாச்சி இருவருக்கும் நன்றி. லண்டனுக்கு ஜப்பானை அழைக்கவில்லை என்ற செய்தி எனக்குப் படத்தையே மாற்றிக் காட்டிவிட்டது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தத்சுவோ எந்த இடத்திலும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதாக எனக்கு நினைவில்லை. ஜுன்-ஷிக்கின் தந்தையைச் சித்திரவதை செய்து முடமாக்கியது தத்சுவோவின் இனத்தாரின் ஆட்சி. பின்வாங்கிய கொரியர்களைச் சுடச் சொன்னது தத்சுவோவே. இவ்வளவையும் ஓட்டம் ஒன்று துடைத்துவிடுமா? 'பகையாளி குடியை உறவாடிக் கெடு' என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில் பிறந்தவன் நான். இவ்வளவு எளிதில் உறவாகிவிடுவதை ஏற்க மனம் தயங்குகிறது.

கடையம் வாசகி

தம்பி, துடைத்துவிடாது. துடைத்துவிட்டதாகப் படமும் சொல்லவில்லை. நீங்கள் தேடும் இடம் சோவியத் படைக் காட்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1939-இல் கால்கின் கோல் ஆற்றங்கரையில், ஜப்பானியர் நோமோன்ஹான் என்றழைக்கும் அந்தப் போரில், சோவியத் தளபதி சூக்கோவின் டாங்கிப்படை வரும்போது தத்சுவோ பின்வாங்க அனுமதிக்கவில்லை. தப்பிப்போன ஜுன்-ஷிக் டாங்கிகளைக் கண்டுவிட்டுத் தன் கூட்டத்தாரை எச்சரிப்பதற்காகவே திரும்பி ஓடிவருகிறான். அந்தச் செய்தியையும் தத்சுவோ பொருட்படுத்தவில்லை. ஓடுகிறவனைச் சுடுகிறான். பிறகு 1941 குளிர்காலத்தில், சோவியத் சீருடை மாட்டி ஜெர்மானியருக்கு எதிரே தள்ளப்பட்டபோது, பின்வாங்குகிறவர்களைச் சுட்டுக்கொண்டே முன்னேறச் சொல்லிக் கத்தும் சோவியத் அதிகாரி ஒருவனைத் தத்சுவோ பார்க்கிறான். அந்த முகத்தில் தன் முகத்தையே பார்க்கிறான். அங்கே வசனம் கிடையாது. ஆனால் அதற்குப்பின் அவன் ஒரு முறைகூட ஜுன்-ஷிக்கின்மேல் கை ஓங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுப்பு விட்டுப்போன இடம் அது. நட்பு வந்தது பின்னால், பனிமலையைக் கடந்து போகும் வழியில். இரண்டையும் ஒரே இடத்தில் தேடியதால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. இத்தனை பெரிய உலகப்போரில் இருவரும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் நிற்பதை நம்பக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பான் பிங்பிங் நடித்த சீனப் பெண் பாத்திரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஏறத்தாழ 2800 கோடி வான் செலவில், அன்றைக்குக் கொரியாவின் மிகப் பெரிய செலவில் எடுத்த படத்தை அந்நாட்டில் பார்த்தவர்கள் சுமார் 21 லட்சம் பேர்தான். இதே இயக்குநரின் 2004-ஆம் ஆண்டுப் படத்தை, அண்ணன் தம்பி இருவர் கொரியப் போரில் எதிரெதிர்ப் பக்கமாகிப்போன கதையை, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்திருந்தார்கள். அண்ணன் தம்பிக்கு அழுதவர்கள் ஜப்பானியனுக்கு அழத் தயாராக இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரலாற்று ஆசிரியர் ஐயா பெயரைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். என் தாத்தா 1937-இல் மலாயாவுக்குத் தோட்டவேலைக்குப் போனவர். வயது போதாததால் தன் அண்ணன் பெயரைக் கொடுத்துக் கப்பலேறினார். தோட்டத்துப் பேரேட்டில் அண்ணன் பெயர். ஜப்பானியர் வந்து சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அந்தப் பட்டியலிலும் அண்ணன் பெயர். 415 கிலோமீட்டர்ப் பாதை அது. தோட்டத்திலிருந்து கூடப் போனவர்களில் திரும்பியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்பார். போர் முடிந்தபின் முதல் கடிதம் ஊருக்கு வந்தது. உறையின் பின்பக்கம், அனுப்புநர் இடத்தில், திண்ணையில் உட்கார்ந்து அதை வாங்கிய மனிதரின் பெயரே எழுதியிருந்தது. இரு சகோதரர்களுக்கும் சொத்துத் தகராறு இருந்து, பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த காலம். பெரிய தாத்தா அந்த உறையைப் பிரிக்காமல் நெடுநேரம் கையில் வைத்திருந்ததாகவும், பிறகு 'என் பேரை உயிரோட வச்சிருக்கான்' என்று மட்டும் சொன்னதாகவும் என் அம்மா சொல்வாள். அந்த உறை இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மை பழுப்பேறிவிட்டது, பெயர் மட்டும் படிக்க முடிகிறது.

தகட்டைக் கழுத்தில் மாட்டிவிடும் காட்சியில் நான் அழுதேன். தத்சுவோ மன்னிப்புக் கேட்டானா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மற்றவன் பெயரை அவன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும், வெற்றி வந்தாலும் அது அவன் கணக்கில் சேராது என்பதுதான் தோன்றியது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி நகரம்

அம்மா, அந்த உறையைச் சூரிய ஒளி படாமல், அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவை நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் செல்லரித்துப் போய்விட்டன.

தம்பிக்கு ஒரு செய்தி. காங் ஜே-கியூ இந்த மாரத்தானை அத்தோடு விட்டுவிடவில்லை. 1947 பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 25 நிமிடம் 39 விநாடியில் வென்ற சு யுன்-போக் என்ற கொரியரைப் பற்றி 2023-இல் ஒரு படம் எடுத்திருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் சோன் கீ-சோங். நாடு விடுதலையடைந்தும் அரசு அமையாமல் அமெரிக்கப் படையாட்சியில் இருந்த காலம் அது. ஓட்டக்காரனின் மார்பில் எந்தக் கொடி என்ற கேள்வி அங்கேயும் வருகிறது. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்தபின் இந்த இழையிலேயே எழுதுங்கள். உடற்கல்வி ஆசிரியரும் நானும் காத்திருப்போம்.